இரண்டு பெயருள்ள கைத்துவக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நீ இதை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய் என்று எனக்குத் தெரியும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு உன்னை மழையிலும் குளிரிலும் இழுத்துக்கொண்டு போனபோது, "அம்மா, இது எனக்கு எதுக்கு?" என்று ஒவ்வொரு கிழமையும் கேட்டாய். இதற்குத்தான் என்று வைத்துக்கொள். போனில் சொல்லியிருக்கலாம். இரண்டு தரம் முயன்றும் பார்த்தேன். நீ "ஹலோ அம்மா, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டவுடன் என் வாய் மண்டபக்காரரைப் பற்றியும் பலகாரத்தைப் பற்றியும் கதைக்கத் தொடங்கிவிடுகிறது. கடதாசியில் அப்படி நழுவ முடியாது. ஆகவே பேர்மிங்காமில் உன் அறையில் ஒரு தேத்தண்ணி போட்டு வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசி. இடையில் கோபம் வந்தால் எழும்பி ஒரு நடை நடந்துவிட்டு வா. ஆனால் கடைசி வரைக்கும் வாசித்துவிடு.

விஷயத்தை முதலே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அதைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருப்பேன். உன் கைத்துவக்கு கிடைத்துவிட்டது. பதினான்கு வருடத்துக்கு முன் உன் அறைத் தட்டிலிருந்து காணாமல் போனதே, அதேதான். அதை யாரும் களவெடுக்கவில்லை. நீ நினைத்தது போல உன் சினேகிதன் விக்கி விற்கவும் இல்லை. நான்தான் எடுத்தேன். எடுத்துப் பிஸ்கட் ரின்னுக்குள் வைத்து எங்கள் தோட்டத்தில் புதைத்தேன். 

அது வெளியில் வந்த கதையைக் கேட்டால் நீ சிரிப்பாய். உன் கலியாணத் தாலிக்குப் பொன் உருக்கும் பொன்னுருக்குக்கு இன்னும் மூன்று கிழமை இருக்கிறது. அன்றைக்கு மாப்பிள்ளை வீட்டு வளவில் கன்னிக்கால் நட வேண்டும் என்பது உனக்குத் தெரியும். லண்டனில் எங்கள் ஆட்கள் முக்கால்வாசிப் பேர் ஒரு வாளிக்குள் மண்ணைப் போட்டுத் தடியை நட்டு, பாலை ஊற்றி அலுவலை முடித்துவிடுகிறார்கள். நானும் வாளி போதும் என்றேன். அப்பா விடவில்லை. "எனக்கு இருக்கிறது ஒரே ஒரு பெடியன். அவன்ர கன்னிக்காலை வாளிக்குள்ள நடுறதோ? நிலத்திலதான் நடுவன்," என்று சொல்லி, போனில் திசைகாட்டியைப் போட்டு ஈசான மூலையைத் தேடிக்கொண்டு போனார். அது ஷெட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றது. தோட்டத்தில் நான் ஒரு நாளும் ஒன்றும் நடாத ஒரே இடம் அதுதான். குசினி ஜன்னலால் தலையை நீட்டி, "அதில ஒரே கல்லப்பா, இஞ்சால தள்ளி வெட்டுங்கோ!" என்று கத்தினேன். "ஈசான மூலை உன்ர வசதிக்குத் தள்ளி வராது," என்றார். நாலாவது வெட்டில் மண்வெட்டி தகரத்தில் பட்ட சத்தம் எனக்குக் குசினி வரைக்கும் கேட்டது.

அவர் ரின்னை எடுத்து, மண்ணைத் தட்டி, திறந்து, பொலித்தீன் பையை அவிழ்த்து, என் பழைய நூல் சீலைத் துண்டையும் விரித்துப் பார்த்தார். சீலையை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிட்டார். "நீயோ?" என்று கேட்டார். "ஓம்," என்றேன். கவிழ்த்து வைத்திருந்த வாளியில் இருந்துகொண்டு கண்ணால் தண்ணி வரும் வரைக்கும் சிரித்தார். பிறகு சிரிப்பு மெல்ல நின்றது. "அப்ப அந்த டொக்டர் வீட்டுப் பெடியன், விக்கி?" என்று கேட்டார். நான் குசினிக்குள் போய்விட்டேன். அன்றைக்கு முழுக்க அவர் என்னோடு கதைக்கவில்லை.

ஏன் செய்தாய் என்று நீ கேட்பாய். கேட்க உனக்கு உரிமை இருக்கிறது. அந்தத் துவக்கு பொய்த் துவக்கு என்று எனக்கு அன்றைக்கே தெரியும். நீயும் விக்கியும் ஞாயிற்றுக்கிழமை, காரில் பழைய சாமான் கொண்டுவந்து விற்கும் பூட் சேலில் ஒரு வெள்ளைக்காரக் கிழவரிடம் வாங்கிக்கொண்டு வந்து, குசினி மேசையில் வைத்து எனக்குப் படிப்பித்தீர்கள். பழைய காலத்துக் கப்பல்காரர் இடுப்பில் செருகியிருந்த துவக்கின் நகல், அந்த அச்சில் குறைந்த அளவுதான் செய்தவர்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர், அந்த நம்பர் போட்டு முத்திரை குத்திய சேர்ட்டிபிக்கேட் கூட இருக்கிறது என்றெல்லாம் இரண்டு பேரும் மாறி மாறிச் சொன்னீர்கள். "சுடாது ஆன்ட்டி, குழாயே அடைச்சிருக்கு பாருங்க," என்று விக்கி தன் சுண்டுவிரலை விட்டுக் காட்டினான். இரண்டு பேரும் அந்தக் கோடையில் வேலை செய்து, பாதிப் பாதி போட்டு வாங்கியது. எனக்கு அந்தச் சந்தோசத்தைக் கெடுக்க மனம் வரவில்லை. "வடிவா இருக்கு," என்று சொல்லிவிட்டுத் தோசைக் கல்லின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பிறகு தொடங்கியதே உங்கள் சண்டை. நீ அதை மாற்ற வேண்டும் என்றாய். கைப்பிடி மரத்தை மினுக்கி எடுத்துக் கறுப்பாக்குவது, பித்தளையில் உங்கள் இரண்டு பேரின் முதல் எழுத்தையும் வெட்டுவிப்பது என்று கொப்பியில் படமெல்லாம் கீறி வைத்திருந்தாய். அவன் விற்க வேண்டும் என்றான். ஒரு கீறல் போட்டாலும் சேகரிப்பவர்கள் திரும்பியும் பார்க்க மாட்டார்கள், இப்படியே விற்றால் இரண்டு பேரும் மான்செஸ்ரர் யுனிவர்சிற்றிக்குப் போகும்போது அறைக்குச் சாமான் வாங்கலாம் என்றான். மூன்று கிழமையாக ஒவ்வொரு பின்னேரமும் என் குசினியில் இதே வழக்குத்தான். நான் தோசை சுட்டுப் போடப் போட, இரண்டு பேரும் சாப்பிட்டுச் சாப்பிட்டு வாதாடினீர்கள். உண்மையைச் சொன்னால் எனக்கு அது கேட்கப் பிடித்திருந்தது. ஆனால் நீ ஒரு நாள், "கறுப்பாக்கினா அச்சொட்டா உண்மையான துவக்கு மாதிரி இருக்கும் அம்மா," என்று சொன்னாய். அன்றைக்கு என் கல்லில் கிடந்த தோசை கருகிப் போனது.

என் கூடப்பிறந்த பாரிஸ் மாமாவுக்கு ஏன் இடது காது கேட்காது என்று நீ சின்ன வயதில் கேட்டபோது காய்ச்சல் என்று சொல்லியிருக்கிறேன். காய்ச்சல் இல்லை. அவன் பள்ளிக்கூட நாடகத்துக்குப் பலகையில் ஒரு துவக்குச் செய்தான். பலகை நிறத்தில் அது விளையாட்டுச் சாமான் போல இருந்தது. மேடையில் எடுபடாது என்று சொல்லி, கறுப்புச் சப்பாத்துப் பொலிஷை எடுத்து அதற்குப் பூசிக் கொடுத்தது நான். இரண்டு தரம் பூசி, துணியால் தேய்த்து மினுக்கியும் கொடுத்தேன். நாடகத்துக்கு முதல் நாள் ஊரில் இராணுவத்தின் சுற்றிவளைப்பு. அவனுடைய பையில் அதைக் கண்டு அவனை ஏற்றிக்கொண்டு போனார்கள். பதினொரு நாளைக்குப் பிறகு விட்டார்கள், காது மட்டும் திரும்பி வரவில்லை. அவனுக்கு அப்போது உன்னுடைய அந்த வயதுதான். நான் பொலிஷ் பூசியதை அம்மா அப்பாவுக்கு அவன் ஒரு நாளும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இப்போது உனக்குத்தான் முதல் முதல் எழுதுகிறேன்.

நீங்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போயிருந்த ஒரு காலை நேரம், திரைச்சீலையை விலக்கிப் பார்த்தால் எங்கள் தெருவில் இரண்டு பொலிஸ் தொப்பி. முன்வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டு நின்றார்கள். லண்டனில் அப்போதே இருபது வருடம் இருந்துவிட்டேன், கையில் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருக்கிறது, ஆனால் என் கால் அதையெல்லாம் கேட்கவில்லை. நேரே உன் அறைக்கு ஓடினேன். துவக்கை எடுத்தேன், சீலைத் துண்டில் சுற்றினேன், ரின்னில் போட்டேன், பின்கதவால் இறங்கி மண்வெட்டியை எடுத்தேன். ஊரில் நாங்கள் எதையெல்லாம் புதைத்திருக்கிறோம் தெரியுமா, கசெற், படம், கொப்பி, வரைபடம். கை தானாகச் செய்தது. பக்கத்து வீட்டு மனிசி வேலிக்கு மேலால் எட்டி, என்ன நடுகிறாய் என்று கேட்டாள். "பொட்டேற்றோ," என்றேன். அதற்குப் பிறகு மூன்று மாதமாக, உன் பொட்டேற்றோ முளைத்ததா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பொலிஸ் வந்தது யாரோ காரின் கண்ணாடியை உடைத்துவிட்டுப் போனதற்கு. பத்து நிமிடத்தில் போய்விட்டார்கள்.

துவக்கு வந்த மட்டைப் பெட்டியைக் கிழித்துக் குப்பையில் போட்டேன். சேர்ட்டிபிக்கேட்டைக் கிழிக்கக் கை வரவில்லை. முத்திரையும் நம்பரும் உள்ள கடதாசியை எறிகிற பழக்கம் எங்களுக்கு இல்லையே. பாஸ்போர்ட்டும் அகதி விண்ணப்பத்துக் கடிதங்களும் இருக்கும் பைக்குள் அதையும் வாசிக்காமலே செருகினேன்.

அன்றைக்குப் பின்னேரமே உன்னிடம் சொல்லியிருந்தால் இது ஒரு பகிடிக் கதை. ஒரு மாதத்துக்கு என்னை நக்கலடித்திருப்பாய், அவ்வளவுதான். ஆனால் நீ வந்து தட்டைப் பார்த்துவிட்டு, வீடு முழுக்கத் தலைகீழாக்கித் தேடி, கடைசியில் என் முன்னால் வந்து நின்று, "அம்மா, நீங்க கண்டீங்களா?" என்று கேட்டாய். "இல்லை," என்று என் வாயால் வந்துவிட்டது. விக்கி தன் வேலை முடிந்து மத்தியானமே உன் அறைக்கு வந்து போனது உனக்குத் தெரியும். வாங்கிக்கொள்வதாகச் சேகரிப்பவர் ஒருவர் அவனுக்குப் பதில் போட்டிருந்ததும் தெரியும். நீ இரண்டையும் கூட்டி, அவன்தான் விற்றுவிட்டான் என்று நினைத்தாய். அவனோ, துவக்கை விற்க விடாமல் நீயே ஒளித்து வைத்துவிட்டாய் என்று நினைத்தான். நீங்கள் இரண்டு பேரும் சத்தம் போட்டுச் சண்டை பிடித்திருந்தால் நான் பயந்து உண்மையைச் சொல்லியிருப்பேன். நீங்கள் சத்தமே போடவில்லை. ஒரு நாள் அவன் வரவில்லை, அடுத்த நாளும் வரவில்லை, நான் கரைத்த தோசை மா புளித்துப் போனது.

இனிச் சொல்லப் போவதுதான் பெரிய விஷயம். நீ மான்செஸ்ரருக்குப் போகவில்லை. கடைசி நேரத்தில் மாற்றி, லண்டனிலேயே இடம் எடுத்து, வீட்டிலிருந்தே படித்தாய். நான் சொந்தக்காரர் எல்லாருக்கும், "அவனுக்கு அம்மாவை விட்டுட்டு இருக்கேலாது," என்று பெருமையாகச் சொன்னேன். எனக்குத் தெரியும் நீ ஏன் போகவில்லை என்று. அந்த மூன்று வருடமும் நீ எனக்கு எவ்வளவு துணையாக இருந்தாய்! வெங்காயம் உரித்துக்கொண்டு எனக்கு இங்கிலிஷ் படிப்பித்தாய். நான் இன்றைக்குப் பள்ளிக்கூடக் குசினியில் சுப்பர்வைசராக இருக்கிறேன் என்றால் அந்த வெங்காயத்துக்கும் உனக்கும்தான் நன்றி சொல்ல வேண்டும். என் ஒப்பரேஷனுக்கு முதல் நாள் டொக்டர் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் தமிழில் சொல்லிவிட்டு, பயமான சொற்களை மட்டும் மெல்ல விட்டுவிட்டாய். விட்டது எனக்கு விளங்கியது. என் கையைப் பிடித்து, "நான் இருக்கிறன் அம்மா," என்றாய். என் ஆயுளில் அதைவிட நல்ல மூன்று வருடம் எனக்குக் கிடைக்கவில்லை. அதற்கு நான் எத்தனை தரம் நன்றி சொன்னாலும் போதாது. ஆனால் அது உன் சினேகிதனிடமிருந்து நான் எடுத்தது, தம்பி. எடுத்தது தெரிந்துகொண்டே சந்தோசமாக இருந்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது. விக்கியின் அப்பா, அந்த டொக்டர், இறந்து போன செய்தியைக் கோயிலில் கேள்விப்பட்டேன். உன்னிடம் சொன்னால் நீ கோபத்தை மறந்து ஓடிப் போவாய் என்று எனக்குத் தெரியும். போனால் கதைப்பீர்கள், கதைத்தால் என் பொய் வெளியில் வரும். சொல்லாமல் விட்டேன். இதை எழுதாமல் விடலாமோ என்று இரண்டு நாள் யோசித்தேன். ஆனால் அவனைக் கண்ட பிறகு விட முடியாது. ஓம், நான் அவனைப் போய்க் கண்டேன். பொறு, வருகிறேன்.

ரின் வெளியில் வந்த அடுத்த நாள் எனக்கு வந்த புத்தியைப் பார். உண்மையைச் சொல்லும் எண்ணம் வரவில்லை. இரண்டு வழிதான் வந்தது. ஒன்று, சத்தமில்லாமல் விற்றுவிடுவது. கலியாண அமளியில் ஒருவருக்கும் தெரியாது. மற்றது, நீ கொப்பியில் கீறி வைத்தது போலவே புது மரம் போட்டு, எழுத்து வெட்டுவித்து, மினுக்கி, "பரணில கிடந்தது ராசா," என்று கலியாணப் பரிசாக உன் கையில் தருவது. இரண்டாவது எனக்கு நன்றாகப் பிடித்திருந்தது. நீ கட்டிப்பிடிப்பாய் என்றுகூட நினைத்தேன். அப்பாவிடம் சொன்னபோது, "ஒரு பொய்க்கு மேல பெயின்ற் அடிக்கப் போறாய்," என்று மட்டும் சொன்னார். ஆனாலும் போனில் நாலு படம் எடுத்துத் தந்தார். சாமானைக் கையில் கொண்டு ட்ராமில் ஏற என்னைக் கொன்றாலும் நான் சம்மதிக்க மாட்டேன் என்று அவருக்குத் தெரியும்.

விம்பிள்டன் பக்கம் பழைய வாள், மெடல், தொப்பி எல்லாம் விற்கும் ஒரு சின்னக் கடை இருக்கிறது. படத்தையும் சேர்ட்டிபிக்கேட்டையும் கொண்டு போனேன். கடைக்காரர் வயதான மனிதர், மரியாதையானவர். படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். இரும்பு முழுக்கப் பொரிந்துவிட்டது, பித்தளை பச்சை பிடித்துவிட்டது, மரம் வெடித்துவிட்டது. இப்படியே விற்றால் சேர்ட்டிபிக்கேட்டுக்காக யாராவது வாங்குவார்கள், ஆனால் பெரிதாக எதிர்பார்க்காதே என்றார். துருவைத் தேய்த்துப் புது மரம் போட்டால் வடிவாக வரும், வீட்டில் வைத்து ஆசைக்குப் பார்க்கலாம், ஆனால் அதற்குப் பிறகு அது அந்த நம்பருக்குரிய சாமான் இல்லை, திரும்பவும் பழையபடி ஆக்க முடியாது என்றார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சேர்ட்டிபிக்கேட்டை வாசித்தார். கீழே ஒரு வரியில் விரலை வைத்து, இதில் உன் பெயர் எது என்று கேட்டார். உரிமையாளர் என்ற இடத்தில் நீல மையால் இரண்டு பெயர் இருந்தது. உன்னுடையது, உன் கோழிக்கால் எழுத்தில். பக்கத்தில் விக்கியுடையது, முழுப் பெயரும் அப்பா பெயரும் போட்டு அழகாக. பதினான்கு வருடமாக என் பாஸ்போர்ட் பைக்குள் வைத்திருந்தும் நான் அதை வாசிக்கவில்லை. "இரண்டு பேரும் சொல்லாமல் நான் இதில் கை வைக்க மாட்டேன், அம்மா," என்று அவர் இங்கிலிஷில் சொன்னார். அந்த மனிதருக்கு நான் நன்றி சொல்லிவிட்டு வெளியில் வந்து பஸ் தரிப்பில் இருந்துகொண்டு அழுதேன்.

பாரிசுக்குக் கோல் எடுத்தேன். மாமாதானே வந்து உன் கன்னிக்காலை நடப் போகிறான், அவனிடம் முதலில் சொல்லுவோம் என்று நினைத்தேன். பொலிஷ் கதையையும் சொல்லி அழுதேன். அவன் நல்ல காதில் போனை வைத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டான். "அக்கா, நீ பொலிஷ் பூசினதால அவங்கள் என்னைப் பிடிக்கேல்லை. பிடிக்க வந்தவங்கள், பிடிச்சவங்கள். நான் அண்டைக்கே விட்டுட்டன், நீதான் இன்னும் தூக்கிக்கொண்டு திரியிறாய்," என்றான். பிறகு, "அது சரி, அந்தப் பெடியனுக்குச் சொன்னனியோ?" என்று கேட்டான். எல்லாரும் அதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். அடுத்த சனிக்கிழமை வெளிக்கிட்டேன். விக்கியின் அம்மாவின் நம்பர் என் போனில் இன்னும் இருந்தது, விலாசம் அவதான் தந்தா. பிளேஸ்டோவில் இருக்கிறான். நாங்கள் இருக்கும் மிச்சம் ஊரிலிருந்து விம்பிள்டனுக்கு ட்ராம், அங்கிருந்து ஒரே ரயிலில் லண்டனின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இறங்கித் திரும்பிவிடலாமோ என்று பார்த்தேன்.

தோளில் ஒரு பெண் குழந்தையைப் போட்டுக்கொண்டு அவன்தான் கதவைத் திறந்தான். கொஞ்சம் தலைமயிர் போய்விட்டது, தாடி வைத்திருக்கிறான். என்னை அடையாளம் கண்டான். "வாங்க ஆன்ட்டி," என்றான், சிரிக்கவில்லை. நான் கதிரையில் இருக்கவும் இல்லை, நின்ற நிலையிலேயே சேர்ட்டிபிக்கேட்டை நீட்டி எல்லாவற்றையும் சொன்னேன். பொலிஸ் தொப்பியிலிருந்து பொட்டேற்றோ வரைக்கும், மாமாவின் காது, அவனுடைய அப்பாவின் செய்தி, ஒன்றையும் விடவில்லை. அவன் குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே கேட்டான்.  "அவன் எனக்கு ஒரே ஒரு மெசேஜ் போட்டான் ஆன்ட்டி. 'காசை நீயே வெச்சுக்கோ'ன்னு. நான் திருடன்னு அவன் நெனச்சிட்டான்ல, அதுக்கு மேல நான் என்ன பேசுறது?" என்றான். பிறகு, "அப்பா போனப்போ வாசலையே பாத்துக்கிட்டு நின்னேன். சண்டை போட்டாவது வருவான்னு நெனச்சேன்," என்றான். எனக்கு அவன் காலில் விழலாம் போல இருந்தது. "அவனுக்குத் தெரியாது ராசா, நான்தான் மறைச்சனான்," என்றேன். "ஆமா, இப்போ சொல்றீங்க," என்றான்.

அவன் என்னை மன்னித்துவிட்டான் என்று உனக்குப் பொய் எழுத மாட்டேன். பொய் எழுதிக் களைத்துவிட்டேன். ஆனால் தேத்தண்ணி போட்டுத் தந்தான். எனக்கு இரண்டு கரண்டி சீனி என்பதைக் கேட்காமலே போட்டான், தம்பி. என் குசினியில் தோசை தின்ற பெடியன் அதை மறக்கவில்லை. படத்தைக் காட்டினேன். பார்த்தவன் முதலில் திகைத்து, பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். "ஐயோ, இதை இனி யாரு ஆன்ட்டி வாங்குவா? அவன் ஜெயிச்சுட்டானே," என்றான். நான் உடனே, அப்படியானால் தம்பி கொப்பியில் கீறியது போலவே செய்விக்கட்டா, செலவு என்னுடையது என்று கேட்டேன். அவன் முகம் மாறிவிட்டது. "வேண்டாம் ஆன்ட்டி. விக்கிறதா, மாத்துறதா, அப்படியே வெக்கிறதான்னு நானும் அவனும் பேசணும். நீங்க முடிவு பண்ணாதீங்க. ஏற்கனவே ஒரு தடவை பண்ணிட்டீங்க," என்றான். அவன் குரலை உயர்த்தவே இல்லை. சரியாகத்தான் சொன்னான். கலியாணத்துக்கு வா என்று கேட்டேன். "அவன் கூப்பிட்டா வரேன்," என்றான். பிறகு குழந்தையையும் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன் வரைக்கும் என்னோடு நடந்து வந்து ஏற்றிவிட்டான்.

விக்கிக்கு நான் செய்ததற்கு அவன் எனக்குக் கதவைத் திறந்ததே பெரிது. உனக்குச் செய்ததும் அப்படித்தான். இந்தப் பதினான்கு வருடத்தில் நீ ஒரு நாளாவது என்னைச் சந்தேகப்பட்டுக் கேட்டதில்லை. நான் இல்லை என்றேன், அத்தோடு விட்டுவிட்டாய். அம்மா பொய் சொல்ல மாட்டா என்று நம்பியதால் உன் சினேகிதனைச் சந்தேகப்பட்டாய். அந்த நம்பிக்கைக்கு நன்றி, அதை நான் பாழாக்கினேன். உனக்கு மனிசியாக வரப்போகிற அந்தப் பிள்ளையிடம் எதையாவது பயத்தில் செய்துவிட்டால் அன்றைக்கே, சாப்பாட்டுக்கு முன்னமே சொல்லிவிடு. அவளும் ஏதாவது சொல்ல வந்து சொல்லாமல் நின்றால் ஏசாமல் கொஞ்சம் இடம் விடு. எனக்கு அப்பாவும் நீயும் நிறைய இடம் விட்டீர்கள், நான்தான் அதற்குள் வரவில்லை. வேறு புத்திமதி சொல்ல எனக்குத் தகுதி இல்லை, பலகாரச் செய்முறை வேண்டுமென்றால் தருகிறேன்.

துவக்கு இப்போது ரின்னுக்குள் அப்படியே இருக்கிறது. அப்பா ஒரு துளி எண்ணெய் விட்டுத் துடைப்போமே என்று கையை நீட்டினார், கையில் ஒரு அடி போட்டேன். ஒரு துருத்துகள் கூட உதிராமல் உன் அறைத் தட்டில், முன்பு இருந்த இடத்திலேயே வைத்திருக்கிறேன். அதை விற்பதோ, கறுப்பாக்குவதோ, இரண்டு எழுத்து வெட்டுவதோ, திரும்பவும் புதைப்பதோ உங்கள் இரண்டு பேரின் பாடு. எத்தனை கிழமை வாதாடினாலும் பரவாயில்லை, நான் தோசை சுட்டுத் தருகிறேன். கன்னிக்காலுக்கு வெட்டிய கிடங்கையும் அப்பா மூடவில்லை. ரின் கிடந்த அதே இடத்தில்தான் மாமா தடியை நடுவான்.

சேர்ட்டிபிக்கேட்டை இதோடு வைத்து அனுப்புகிறேன். என் பையில் அது இனி இருக்கக் கூடாது. அதன் பின்பக்கம் திருப்பிப் பார், பென்சிலால் ஒரு போன் நம்பர் இருக்கிறது. விக்கி தன் கையால் எழுதியது. மற்றவர்கள் உனக்குக் கலியாணப் பரிசு தருவார்கள், நான் உன்னுடையதை உனக்குத் திருப்பித் தருகிறேன். முதலில் அவனுக்குக் கோல் எடு, ராசா. பிறகு எனக்கு எடுத்து, வாய் வலிக்கும் வரைக்கும் ஏசு. நான் போனுக்குப் பக்கத்திலேயே இருப்பேன்.

அம்மா